தானாக எழும்பிய அப்பளம்

பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சந்தனமாரி தன் வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த இருநூறு அப்பளங்களும், எண்ணெயைப் பார்க்காமல், அடுப்பைப் பார்க்காமல், எட்டு மணி வெயில் மேலே பட்ட மாத்திரத்தில் பொப், பொப் என்று தாமாகவே எழும்பி, தேங்காய் மூடிகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி பாய் நிறைய உட்கார்ந்துகொண்டன. ஆவாரங்குளம் அப்பளச் சங்கத் தெருவில் அன்றைக்கு வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தண்ணீர் லாரி வந்தது, எதிர்வீட்டுக் காளியம்மா லாரிக்காரனோடு சண்டை போட்டாள், லாரி போனது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவள் பாயைப் பார்த்தாள்.

"ஏண்டி மாரி, உப்பிப் போச்சே!"

"ஆமாக்கா. உப்பிருச்சு."

"காக்கா கொத்திறப் போகுது. கூடையை எடுத்துக் கவுத்து."

அவ்வளவுதான் பேச்சு.

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். வீடுகள் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தில் பேர் இருக்கிற வரைக்கும் வீடு இருக்கும், பேர் போனால் வீடும் போகும். காலையில் சங்கக் கொட்டகையிலிருந்து பிசைந்த உளுந்தமாவு வரும், பெண்கள் தேய்த்துக் காயவைப்பார்கள், ஆண்கள் கட்டிக் கொண்டுபோய் விற்பார்கள், கூட்டத்தில் பேசுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். சந்தனமாரியின் புருஷன் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் எட்டு வருஷம் அவள் மாமியார் வீட்டில், பதினோரு பேர் ஒரே கூடத்தில் படுக்கிற வீட்டில், கதவு என்ற பேரில் ஒரு பழைய சேலை தொங்கிய வீட்டில் இருந்தவள்; அதற்கும் முன்னால் அண்ணன் வீட்டில், அங்கே அந்தச் சேலையும் கிடையாது. பிறந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து, புருஷன் சங்கத்தில் கேட்டுவைத்திருந்த வீடு அவள் பேருக்கு வந்து, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இந்த ஒற்றை அறையும் அதற்கு ஒரு மரக்கதவும் கிடைத்தபோது, முதல் நாள் அவள் செய்த வேலை, கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரும் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் தனியாகச் சிரித்ததுதான்.

அப்பளம் எழும்பியதற்குச் சங்கத் தலைவர் சீமைச்சாமி ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டார்: "காரம் கூடிப்போச்சு." மாவில் போடுகிற அப்பளக்காரம் ஒரு சிட்டிகை கூடினால் அப்பளம் சிவக்கும், கசக்கும், முறுகும், ஆகையால் உப்பவும் செய்யும் என்பது அவர் கணக்கு. அப்பளக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. உலகத்தில் எது நடந்தாலும் அவர்களுக்கு முதலில் மாவு மேல்தான் சந்தேகம் வரும். காரத்தைக் குறைத்தார்கள், மூட்டையை மாற்றினார்கள், பிரண்டைச் சாறு விட்டார்கள், பிரண்டையை நிறுத்தினார்கள், உளுந்தை வேறு ஊரிலிருந்து இறக்கினார்கள். ஒன்பது நாளில் ஒன்பது பக்குவம் பார்த்தும், வியாழக்கிழமை பஞ்சவர்ணத்தின் பாய் எழும்பியது, சனிக்கிழமை காளியம்மாவின் பாய் எழும்பியது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாய்கள், திங்கட்கிழமை ஐந்து. ஒரே அண்டாவில் பிசைந்த மாவு ஒரு வாசலில் எழும்பி நிற்க, அடுத்த வாசலில் தட்டையாகக் கிடந்தது. சீமைச்சாமி வீட்டு அப்பளம் மட்டும் ஒரு நாளும் எழும்பவில்லை. அவர் சம்சாரம் பேச்சித்தாய் தேய்க்கிற அப்பளம் முப்பது வருஷமாகத் தெருவுக்கே மாதிரி. காகிதம் போல இருக்கும், பின்னால் விரல் வைத்தால் முன்னால் தெரியும்.

ஊர் எதையும் பழகிக்கொள்ளும், இதையும் பழகிக்கொண்டது. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் வந்து ஒன்றை உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, எண்ணெய்ச்செலவு இல்லாத இந்த அப்பளத்துக்கு வெயிலப்பளம் என்று பேர் வைத்து, வைகாசி முகூர்த்தம் பூராவுக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி படையலில் ஒரு தட்டம் வைத்தார். அதைத் தின்ற ஆட்கள் தங்களுக்குத் தெரியாமலே எதையாவது முணுமுணுத்துப் பாடினார்கள், பதினோரு வருஷமாகப் பெண்டாட்டியோடு பேசாமலிருந்த ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர், பந்தியில் அரை அப்பளம் தின்றதும் எழுந்து பெண்கள் பக்கம் போய், "நீ சாப்ட்டியா?" என்று கேட்டதாகவும், அந்த அம்மாள் இலையிலேயே அழுததாகவும் சொன்னார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். காரணம் தெரியாத வரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம்.

காரணத்தைப் பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். மத்தியானத்தில் காளியம்மா வீட்டுத் தகரப் பந்தலுக்குக் கீழே ஏழெட்டுப் பேர் பலகையும் குழவியுமாக உட்கார்ந்து தேய்ப்பது வழக்கம். அன்றைக்குக் காளியம்மா ஒரு துப்பறியும் போலீஸ்காரி மாதிரி ஒவ்வொருத்தியையும் விசாரித்தாள்.

"எழும்புறதுக்கு முந்துன நாளு என்னடி தின்னே?"

"பழைய சோறும் ஊறுகாயும்."

"நானும் அதான் தின்னேன். எனக்கு எழும்பலையே" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?"

"அதெல்லாம் தீவாளிக்குத்தான்."

"விரதம்?"

"ஐயோ, எனக்குப் பசி தாங்காதுக்கா."

கல்யாணமாகி இரண்டு வருஷமான பஞ்சவர்ணம், இருபத்துநாலு வயசு, குனிந்த தலை நிமிராமல், "எனக்கு அவரு லாரில போயிட்டா எழும்புது. வந்து இருந்தாருன்னா எழும்பல" என்றாள்.

"அப்ப அவரு மேல உள்ள ஏக்கம்டி."

"ஏக்கமா இருந்தா வத்தலாத்தானே போகணும்" என்றாள் பஞ்சவர்ணம். "நான் ஏங்கலக்கா. நான்... அவரு இல்லாதப்ப... கதவைச் சாத்திக்கிட்டு..."

குழவிகள் நின்றன. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்காமல் அவரவர் மாவு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனசுக்குள் செவ்வாய், வியாழன், சனி என்று நாளை எண்ணிப் பார்த்தார்கள். நாள் சரியாக வந்தது. முதலில் காளியம்மாவின் தோள் குலுங்கியது. ஐம்பத்திரண்டு வயசு, இரண்டு பேரன் எடுத்தவள்.

"அடிப்பாவி" என்றாள் சந்தனமாரி, "நீயுமாக்கா?"

"ஏன், எனக்கு என்ன பட்டாவா ரத்தாயிருச்சு?"

அதற்கப்புறம் சிரித்த சிரிப்பில் மாவு காய்ந்துபோனது. ஒருத்தி சேலைத்தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள், ஒருத்தி சுவரில் முட்டினாள், ஒருத்திக்கு விக்கல் எடுத்தது. ஒவ்வொருத்தியும் உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்து, சாமி கண்ணைக் குத்தும் என்று பயந்து, வியாதியோ என்று மருந்துக்கடை வாசல்வரை போய்த் திரும்பி, பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் அடிவயிற்றில் கட்டிவைத்திருந்த கல் ஒன்று அன்று மத்தியானம் அந்தத் தகரப் பந்தலுக்குக் கீழே விழுந்தது. அதற்கு அவர்கள் கதவு சாத்துவது என்று பேர் வைத்தார்கள். புத்தகங்களில் வேறு பேர் இருக்கிறது. அவர்களுக்கு இது போதுமாக இருந்தது.

வெளியே சொன்னதும் கெட்ட எண்ணத்தில் இல்லை. பஞ்சவர்ணம் ஆசையாக, சிரித்துக்கொண்டே, தன் புருஷனிடம் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தனக்கு ஏதாவது குறையோ என்ற கவலையில் ஒரே ஒரு சிநேகிதனிடம் கேட்டான். சாயங்காலத்துக்குள் டீக்கடை பூராவும் தெரிந்துவிட்டது. டீக்கடை என்றால், அங்கே ஆண்கள் தங்கள் வயசுக்காலத்துக் குளியலறைப் பிரதாபங்களை நாலு பேர் கேட்கச் சொல்லி, தொடையைத் தட்டிச் சிரித்து, "அந்த வயசுல எல்லாரும்தானே" என்று ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொடுக்கிற இடம்தான். அதே பெஞ்சில், அதே கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "பொம்பளைகளுக்கு இப்படி ஒரு புத்தியா, சீச்சீ" என்றார்கள்.

மறுநாளிலிருந்து தெருவில் காலை விடிவது வேறு மாதிரி ஆனது. பல் விளக்கிக்கொண்டே புருஷன்மார் வாசலுக்கு வந்து பாயைப் பார்த்தார்கள். எழும்பிய வீட்டுக்காரனை, "என்ன மாப்ளே, உன் வீட்டுல உனக்கு வேலையில்லையாமே" என்று கிண்டலடித்தார்கள். பெண்கள் அப்பளத்தின் மேல் ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்தார்கள், வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே காயவைத்தார்கள், கொஞ்ச நாளில் சாத்துவதையே விட்டுவிட்டதாகக் காட்டிக்கொண்டார்கள். தெரு தட்டையாகிப் போனது. பேச்சித்தாயின் அப்பளத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு சீமைச்சாமி வீடு வீடாகக் காட்டினார்: "இதைப் பாருங்க. இது குடும்பத்து அப்பளம்." பேச்சித்தாய் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இத்தனைக்கும் நடுவில் கல்யாணச் சமையல்காரருக்கு வெயிலப்பளம் அனுப்புவதைச் சங்கம் நிறுத்தவில்லை. சந்தனமாரியின் பாயிலிருந்து பொறுக்கி, பெட்டியில் அடுக்கி, பஞ்சு வைத்து, உடையாமல் அனுப்பினார்கள்.

ஏனென்றால் அவள் ஒருத்தி மட்டும் மறைக்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு உள்ளே காயப்போடேன்டி" என்றாள் காளியம்மா. "எங்களுக்குப் புருஷன்னு ஒரு மறைப்பு இருக்கு. உனக்கு அதுவும் இல்ல. எல்லாம் உன் தலையிலதான் விடியும்."

"எதுக்குக்கா மறைக்கணும்? நான் யாரையும் கூட்டியாந்து வைக்கல. யாரு சொத்தையும் எடுக்கல. என் வீட்ல என்னோட நான் இருந்தேன். அதுக்கு வெயிலு சாட்சி சொன்னா, நான் என்ன வெயிலைப் போயி கெஞ்சவா?"

காளியம்மா சொன்னது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் என்றும், தீர்மானம் வரப்போகிறது என்றும், சந்தனமாரி பேரை எடுத்துவிட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்றும் தண்டோரா போடாத குறையாகத் தெரிந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து அவள் அண்ணன் நல்லதம்பியை வரச்சொல்லி ஆள் போனது. சனிக்கிழமை மத்தியானமே அவர் ஒரு மினி டெம்போவோடு வந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே வந்து உட்கார்ந்தவர், ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன மாரி இது?"

"என்னண்ணே?"

"ஊரே பேசுது."

"பேசட்டும்ணே. நீங்க சாப்பிடுறீங்களா?"

"தலைவர்கிட்டப் பேசிட்டேன். நல்ல மனுசன். ஒரே வார்த்தை சொல்லச் சொல்றாரு. காரம் கூடிப்போச்சு, வேற ஒண்ணும் இல்லைன்னு கூட்டத்துல சொல்லிரு. விட்டுர்றாங்க. இல்லேன்னா நம்ம வீட்டுக்கு வந்துரு. மாடிப்படிக்குக் கீழே இடம் ஒதுக்கியிருக்கு. உங்க மதினி சேலைகூட ஒண்ணு எடுத்து வச்சிருக்கா, மறைப்புக்கு."

சந்தனமாரி காலிச் சொம்பை எடுத்து மூலையில் வைத்தாள். அந்தச் சேலை என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியும்போல் இருந்தது. அதன் கிழிசல் எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியும்போல் இருந்தது. பிறகு தன் கதவைப் பார்த்தாள்.

"காரம் சரியாத்தான்ணே இருந்துச்சு" என்றாள்.

சங்கக் கட்டிடத்துக்கு முன்னால் இருக்கிற உலர்களத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அந்தச் சங்கத்தில் வாக்குப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஆரம்பித்த காலத்தில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது என்பதால், ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, சம்மதம் என்றால் முழு அப்பளம், சம்மதம் இல்லை என்றால் இரண்டாகப் பிட்ட அப்பளம் என்று ஆளுக்கு ஒன்று வைப்பார்கள். எண்ணிப் பார்த்து முடிவு சொல்வார்கள். முப்பது வருஷமாக அப்படித்தான். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேரும் உறுப்பினர்தான் என்றாலும் அப்பளம் வைப்பது புருஷன் மட்டும். அந்த அப்பளத்தைத் தேய்த்துக் கொடுப்பது பெண்டாட்டி.

சீமைச்சாமி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானத்தை வாசித்தார். ஒரு பெண்பிள்ளையின் பேரைக் காகிதத்தில் எழுதுவது நாகரிகமில்லை என்று, அவரே உட்கார்ந்து, பேர் வராமல், பக்குவமாக எழுதியிருந்தார்: "எவர் தேய்த்த அப்பளம் தானாக எழும்புகிறதோ, அவர் யாராயினும், இந்த நிமிடம் முதல் சங்கத்தில் உறுப்பினர் அல்லர், சங்க வீட்டில் குடியிருக்கவும் உரிமையற்றவர்."

ஆண்கள் மடியிலிருந்து அப்பளத்தை எடுத்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் சந்தனமாரி. "அது யாரு தேச்சது?"

"என்னது?"

"உங்க கையில இருக்கிற அப்பளம் தலைவரே. யாரு தேச்சது?"

"வீட்ல தேச்சது."

"வீடு தேய்க்காதே. சட்டம் என்ன சொல்லுதுன்னு முத்துக்கருப்பய்யாகிட்டக் கேளுங்க."

முத்துக்கருப்பன் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் மிச்சமிருக்கிற ஒரே ஆள். எழுபத்தொரு வயசு, மனைவி காலமாகி ஒண்டியாக இருக்கிறவர். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "தன் கையால் தேய்த்த அப்பளம்னுதான் எழுதினோம். தொழில் தெரியாதவன் முடிவு சொல்லப்படாதுன்னு எழுதினோம். நாளாவட்டத்துல அது மறந்துபோச்சு."

"உறுப்பினர்னு போட்டிருக்கா, புருஷன்னு போட்டிருக்காய்யா?" என்று பின்னாலிருந்து காளியம்மா கத்தினாள்.

"உறுப்பினர்னுதான் தாயி."

"அப்ப நாங்களும் வைக்கிறோம்!"

களத்தில் ஒரே இரைச்சல். சீமைச்சாமி கையை உயர்த்தினார். சிரித்தபடிதான் உயர்த்தினார். அவருக்கு என்ன பயம்? அப்பளம் எழும்புவது பெண்பிள்ளைகளுடைய வியாதி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெருவில் அப்பளம் எழும்ப ஆரம்பித்த பிறகு ஒரு ஆண்பிள்ளைகூடக் குழவியைத் தொட்டதில்லை என்பதால், சந்தேகப்பட வழியும் இல்லை. "தேச்சிருவோம்யா. இது என்ன பெரிய வித்தையா? மாவைக் கொண்டாங்க!"

நாற்பத்தொரு ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்பளம் தேய்த்ததை அந்தத் தெரு இன்னமும் பேசுகிறது. ஒருவனுடையது பாகற்காய் மாதிரி வந்தது, ஒருவனுடையது இந்தியா தேசப்படம் மாதிரி வந்தது, ஒருவன் குழவியோடு ஒட்டிப்போன மாவைப் பல்லால் பிய்த்தான். "மாமா, அது அப்பளம், சப்பாத்தி இல்ல" என்றாள் ஒருத்தி. "நெஞ்சைக் கொடுத்து அழுத்துங்கண்ணே, காசு கொடுத்த மாதிரி அழுத்தாதீங்க" என்றாள் இன்னொருத்தி. பெண்கள் ஒரு மூச்சில் தேய்த்து முடித்து, ஆளுக்கொன்றாக இரண்டாகப் பிட்டு வேட்டியில் வைத்தார்கள். ஆண்கள் எல்லாரும் முழுசாக வைத்தார்கள். முத்துக்கருப்பன் மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்; சட்டம் சட்டம் என்று பேசிவிட்டுத் தலைவரை எதிர்த்து வைக்கத் தைரியம் வராமல் அவரும் முழுசாகவே வைத்தார். பெண்களில் பேச்சித்தாய் ஒருத்திதான், பழக்கத்தில், பிட்காமல் வைத்தாள். எண்ணினார்கள். நாற்பத்திரண்டு முழுசு, நாற்பது பாதி.

"தீர்மானம் நிறைவேறியது" என்று சீமைச்சாமி மைக்கில் சொன்னார். நல்லதம்பி தெருவுக்குப் போய் டெம்போவின் பின்கதவைத் திறந்தார். சந்தனமாரி தன் அறையின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, கொடுக்க மனமில்லாமல், உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதுவரைக்கும் வேட்டியை மூடியிருந்த வேப்பமரத்து நிழல் விலகி, வெயில் அதன் மேல் ஏறியது.

பொப்.

முதலில் எழும்பியது இந்தியா தேசப்படம். அடுத்தது பாகற்காய். அப்புறம் எண்ண முடியவில்லை. கோணல், மாணல், முக்கோணம், மூன்று மூலையும் முட்டிக்கொண்ட அப்பளம் எல்லாம், சோளம் பொரிகிற மாதிரி பொப், பொப், பொப் என்று வேட்டி முழுக்க எழும்பின. பெண்கள் பிட்டு வைத்த பாதிகளும் பாதிப்பிறையாக எழும்பின. அந்தப் பயந்த நாட்களில்கூட ஒருத்தியும் முழுசாக விட்டுவிடவில்லை என்பது அப்போதுதான் ஒருத்திக்கொருத்தி தெரிந்தது. முத்துக்கருப்பனுடையதும் எழும்பியது, அவர் அதைப் பார்த்து, வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல், மீசையைத் தடவிக்கொண்டார். சீமைச்சாமியுடையது எழும்பியதோடு நிற்கவில்லை. தாம்பாளம் அளவுக்கு உப்பி, வேட்டியை விட்டுக் கிளம்பி, மெதுவாக உயரே போய், அவர் தலைக்கு ஒரு முழம் மேலே குடை மாதிரி நின்றுகொண்டது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. வலப்பக்கம் போனார், அதுவும் போனது.

பிறகு எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், களம் உடைந்துபோனது.

"தலைவரே" என்றார் முத்துக்கருப்பன், சிரிப்பு அடங்கியதும். "தீர்மானத்தை இன்னொரு தரம் வாசிங்க."

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"'யாராயினும்'னு எழுதியிருந்தீங்க. அது இப்பத்தான் நிறைவேறுச்சு. அந்தக் கணக்குக்கு, இந்த நிமிஷம் சங்கத்துல யாரு இருக்கா?"

எல்லாரும் வேட்டியைப் பார்த்தார்கள். எண்பத்திரண்டு அப்பளத்தில் எண்பத்தொன்று எழும்பி நின்றன. நடுவில் ஒன்று மட்டும், வட்டம் பிசகாமல், காகிதம் மாதிரி, தட்டையாகக் கிடந்தது.

"பேச்சித்தாய் மட்டும்தான் சங்கம்" என்றார் முத்துக்கருப்பன்.

"அவளுக்கு என்னய்யா தெரியும்?" என்றார் சீமைச்சாமி.

"உறுப்பினர் இல்லாதவங்க கூட்டத்துல பேசப்படாதுங்க."

முப்பது வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத பேச்சித்தாய் முன்னால் வந்தாள். மைக்கைத் தொடவில்லை. குனிந்து தன் அப்பளத்தை எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அதன் வழியாக அவள் விரல்கள் தெரிந்தன.

"மாரி" என்றாள். "உன் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கு மதினி."

"எங்க வீட்ல அஞ்சு கதவு. அஞ்சுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். குளிக்கிற இடத்துக்கும் அப்படித்தான். குளிச்சுக்கிட்டே பாடணும் நான், ஆளு இருக்கேன்னு தெரியுறதுக்கு." அப்பளத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "எல்லாரும் இதை மெச்சுனாங்க. நல்ல குடும்பத்து அப்பளம்னாங்க. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்லத்தா. எனக்குச் சாத்திக்க ஒரு கதவு இல்ல. அவ்வளவுதான் விஷயம்."

சொல்லிவிட்டு அந்த அப்பளத்தை இரண்டாகப் பிட்டு வேட்டியில் வைத்தாள். அது பிட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள்.

"தீர்மானம் தள்ளுபடி. மாரி வீடு மாரிக்கு" என்றாள். சந்தனமாரி சாவியை மறுபடி இடுப்பில் செருகினாள். சாவி இரண்டு தரம் நழுவியது. காளியம்மா வந்து செருகிவிட்டாள்.

"மத்தவங்க எல்லாம் சங்கத்துக்கு வெளியே நிக்கிறீங்க. உள்ளே வரணும்னா வரிசையா வந்து என்கிட்டக் கேளுங்க" என்றாள் பேச்சித்தாய்.

பெண்களைப் பார்த்து அவள் தலையசைத்தாள், அவர்கள் உள்ளே வந்தார்கள். ஆண்களை மட்டும் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க வீட்டு அறைக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?"

"இல்ல மதினி."

"போட்டுட்டு வாங்க."

பஞ்சவர்ணத்தின் புருஷன்தான் முதலில் ஓடினான். பதினொன்றரை மணிக்குள் கடைத்தெருவில் இரும்புக்கடையில் தாழ்ப்பாள் தீர்ந்துபோய், கடைக்காரர் பக்கத்து ஊருக்கு ஆளனுப்பினார். தெரு முழுக்க சுத்தியல் சத்தம். திருப்புளி பற்றாமல், நல்லதம்பியின் டெம்போவிலிருந்து வாங்கிப் போனார்கள். திருப்பித் தரும்வரை சும்மா நிற்க முடியாமல் அவரே நாலு வீட்டில் போய்த் திருகாணி முடுக்கிக் கொடுத்தார். முடுக்கும்போது ஒரு வீட்டில், "உங்க வீட்ல போட்டாச்சாண்ணே?" என்று கேட்டார்கள். அவர் அளவு பார்க்கிற மாதிரி, தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வரிசையில் கடைசி ஆள் சீமைச்சாமி.

"பேச்சி" என்றார் மெதுவாக. "நாலு பேரு பார்க்கிறாங்க. இது நம்ம வீட்டு விஷயம்."

"போட்டுட்டு வாங்க."

அவர் கடைத்தெருவுக்கு நடந்தார். தலைக்கு மேலே அப்பளம் கூடவே போனது, வெயிலுக்கு நல்ல நிழலாக. அரைமணி கழித்து, புதுச்சரக்கு வந்த கடையிலிருந்து, காகிதத்தில் சுற்றிய தாழ்ப்பாளும் நாலு திருகாணியுமாகத் திரும்பி வந்து, அவள் முன்னால் நீட்டினார்.

"எத்தனை வாங்குனீங்க?"

"ஒண்ணு."

"கதவு அஞ்சு இருக்கே."

அவர் திரும்பி மறுபடியும் கடைத்தெருவுக்கு நடந்தார்.

சந்தனமாரி வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு ஆகியிருந்தது. ஏற்றுவதற்குச் சாமான் ஒன்றும் இல்லாத டெம்போவுக்குப் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "போயிட்டு வாங்கண்ணே, மதினியைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய், அத்தனை பேர் நடமாடுகிற தெருவில், அத்தனை வெளிச்சத்தில், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரும் கையிலிருந்த வேலையை விட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லதம்பிக்குத்தான் கொஞ்சம் குழப்பம். எதிர்வீட்டு வாசலில் பாயை உதறிக்கொண்டிருந்த காளியம்மாவிடம், "தங்கச்சிக்கு அசதியா? தூங்கப் போகுதா?" என்று கேட்டார்.

"கதவைச் சாத்துனா தூங்கித்தான் ஆகணுமா?" என்றாள் காளியம்மா. "வண்டியை எடுங்க தம்பி. அப்பளம் காயப்போடணும், வெயிலு போயிரும்."